தொண்டை நோவுக்குச் சூப்பும் மாத்திரையும் கொப்பளிக்கும் மருந்தும் உள்ளே என்ன செய்கின்றன?

வாவியோரம் (கல்லடி):

மாரி தொடங்கியதிலிருந்து எங்கள் பாடசாலையில் தடிமனும் தொண்டை நோவும் ஓய்ந்தபாடில்லை. ஆசிரியர் அறை மேசையில் வெண்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் விதவிதமான சூப்பும் மாத்திரைகளின் அட்டைகள் கிடக்கின்றன. ஒன்றை வாயில் வைத்தால் நாக்கே விறைத்துவிடுகிறது. இன்னொன்று குளிர்ச்சியை மட்டும் தருகிறது. மூன்றாவதை விற்ற பாமசிக்காரர், "இதை ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் சூப்பக்கூடாது" என்று எண்ணிக் கொடுத்தார். விலையும் அதற்குத்தான் அதிகம். இவற்றோடு பச்சை நிறத்தில் கொப்பளிக்கும் மருந்து ஒன்றும் இருக்கிறது. அது முதலில் சுள்ளென்று எரிந்து, பிறகு விறைக்கிறது.

என் கேள்வி எது நல்லது என்பதல்ல. நோவுள்ள இடத்திலேயே படும்படி கொடுக்கப்படும் இம்மருந்துகள் நோவை எந்த வழியில் குறைக்கின்றன? அவை உண்மையில் தொண்டையைச் சென்றடைகின்றனவா, அல்லது வாயோடு நின்றுவிடுகின்றனவா? பனடோல் விழுங்கினாலே போதுமென்றால் இவ்வளவு வகை எதற்கு? விடயம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மருந்துக்கடை_கல்முனை:

நான் மருந்தாளராக வேலை செய்கிறேன். கடையில் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தடிமன் வைரசு தொண்டையின் சீதமென்சவ்வில் புகுந்ததும் அங்குள்ள கலங்கள் பிராடிகைனின், புரோஸ்டகிளாண்டின் ஆகிய பொருள்களை வெளிவிடுகின்றன. பிராடிகைனின் நோவை உணரும் நரம்பு முனைகளை நேரடியாகத் தூண்டுகிறது. புரோஸ்டகிளாண்டின், குறிப்பாக E2 என்ற வகை, அம்முனைகளைக் கூருணர்வு கொண்டவையாக மாற்றிவிடுகிறது. அதனால்தான் வழமையாக நாம் உணராத எச்சில் விழுங்கும் அசைவுகூட நோகிறது. இச்செய்தி நாத்தொண்டை நரம்பு வழியாகவும் வேகசு நரம்பு வழியாகவும் மூளைக்குச் செல்கிறது. இதே நரம்புகளின் கிளைகள் காதுக்கும் செல்வதால், தொண்டை நோவுள்ள பலர் காதும் குத்துகிறது என்கிறார்கள். அவர்களுடைய காதில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது.

இனி மருந்துகளுக்கு வருவோம். நாக்கை விறைக்கச் செய்யும் மாத்திரையில் பென்சோகெயின் அல்லது லிக்னோகெயின் இருக்கும். நரம்பில் செய்தி ஓட வேண்டுமானால் சோடியம் அயன்கள் அதற்கென உள்ள கால்வாய்களின் ஊடாக உள்ளே பாய வேண்டும். வாய்க்காலில் பலகை போட்டு வயலுக்குப் போகும் தண்ணீரை மறிப்பதைப் போல இம்மருந்து அக்கால்வாய்களை அடைத்துவிடுகிறது. அழற்சி அப்படியே இருக்கும். செய்தி மட்டும் போகாது. இந்த வகைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1884இல் கார்ல் கொல்லர் கண் சத்திரசிகிச்சைக்குக் கொக்கெயின் கரைசலைப் பயன்படுத்தியதோடு இது தொடங்குகிறது. லிக்னோகெயினைச் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் 1943இல் உருவாக்கினார். இவ்விரு மருந்துகளுக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. அழற்சி கண்ட இழையம் சற்று அமிலத்தன்மை அடைந்துவிடும். அமிலச் சூழலில் லிக்னோகெயினின் பெரும் பங்கு மின்னேற்றம் பெற்றுவிடுவதால் நரம்பின் மென்சவ்வைக் கடப்பது குறைகிறது. பென்சோகெயினுக்கு அந்தத் தொல்லை ஏறத்தாழ இல்லை. ஆனால் அதற்கு வேறொரு தீங்கு இருக்கிறது; அதைப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்தால் சொல்கிறேன்.

எண்ணிக் கொடுக்கப்பட்ட மாத்திரை பெரும்பாலும் ஃபுளூர்பைபுரோஃபென் 8.75 மில்லிகிராமாக இருக்கும். இது ஐபியூபுரோஃபெனின் உறவுக்காரர். புரோஸ்டகிளாண்டின் உருவாகும் நொதியத்தைத் தடுத்து, நோவின் ஊற்றையே குறைக்கிறது. அஸ்பிரின் குடும்ப மருந்துகள் இவ்வழியில்தான் வேலை செய்கின்றன என்பதை ஜோன் வேன் 1971இல் காட்டினார். 1982இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். விறைக்கும் மாத்திரையைப் போல இது உடனே தெரியாது, ஆனால் தொடங்கிய பின் சில மணிநேரம் நிற்கும். மூன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்று, நாளொன்றுக்கு ஐந்து, மூன்று நாள்களுக்கு மேல் வேண்டாம் என்பதே இதற்கான அளவு. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஒரே கன்னத்தில் ஒதுக்கி வைத்தால் அந்த இடம் புண்ணாகக்கூடும், ஆகவே வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் பச்சை நிற மருந்து பென்சிடமின் 0.15 வீதக் கரைசலாக இருக்க வேண்டும். இது இரண்டு வேலைகளையும் ஓரளவு செய்கிறது: நரம்பு முனைகளை விறைக்க வைக்கிறது, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் சிலவற்றின் உற்பத்தியையும் குறைக்கிறது. 15 மில்லிலீற்றர் எடுத்து அரை நிமிடமளவு கொப்பளித்துத் துப்ப வேண்டும். எரிவு தாங்கவில்லையென்றால் சம அளவு தண்ணீர் கலக்கலாம். அது அனுமதிக்கப்பட்ட முறைதான்.

குளிர்ச்சி தருவது மென்தோல். அது வெப்பநிலையைக் குறைப்பதில்லை. குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற வாங்கியை (நரம்பு முனையில் உணர்வைப் பெறும் புரதத்தை) தூண்டி, குளிர்ந்ததாக மூளையை நம்பவைக்கிறது. அந்தக் குளிருணர்வு நோவுணர்வை அமுக்கிவிடுகிறது. இவ்வாறான வெப்ப வாங்கிகளைப் பற்றிய ஆய்வுக்குத்தான் 2021இல் டேவிட் ஜூலியசும் ஆர்டெம் படபூட்டியனும் நோபல் பரிசு பெற்றார்கள்.

வட்டவிதானை:

இவ்வளவு வாசித்த பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. ஒரு மாத்திரையும் சூப்பாதவனுக்கும் ஒரு கிழமையில் தொண்டை நோவு மாறிவிடுகிறது. மாத்திரை சூப்பியவனுக்கும் அதே ஒரு கிழமைதான். அப்படியானால் விற்பவருக்குத்தானே இலாபம்? நாங்கள் சூடடிக்கும் காலத்தில் தூசியால் தொண்டை கரகரத்தால் உப்புத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போவோம். அதற்கும் ஏதாவது வாங்கி, கால்வாய் இருக்கிறதா?

மருந்துக்கடை_கல்முனை:

வட்டவிதானை ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி முழுக்கச் சரி. இம்மருந்துகள் நோயின் நாள்களைக் குறைக்கும் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். அவை செய்வதெல்லாம் அந்த ஒரு கிழமையில் சோறு விழுங்கவும் இரவில் தூங்கவும் வகுப்பில் பேசவும் உதவுவதுதான். அது உங்களுக்குத் தேவையில்லை என்றால் வாங்காமல் விடுங்கள், கடைக்காரனாகிய எனக்கு வருத்தமில்லை.

உப்புத் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வீங்கிய இழையத்திலிருந்து நீரை இழுத்தெடுக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு கிளாஸ் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டால் அதன் செறிவு ஏறத்தாழ ஒரு வீதம்தான் வரும். நம் உடற்திரவத்தின் உப்பளவு 0.9 வீதம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பெரிதாக எதையும் இழுக்க வழியில்லை. ஒரு முழுத் தேக்கரண்டி போட்டால் அந்தக் கணக்கு ஓரளவு சரிவரும், ஆனால் பலருக்குக் குமட்டும். என் எண்ணப்படி அதன் பயனில் பெரும்பகுதி இளஞ்சூட்டிலிருந்தும், ஒட்டிக்கிடக்கும் தடித்த சளியையும் நீங்கள் சொன்ன நெல்தூசியையும் கழுவிவிடுவதிலிருந்தும் வருகிறது. செலவில்லாதது, தீங்கில்லாதது, தாராளமாகச் செய்யுங்கள். பிரஷர் உள்ளவர்கள் விழுங்காமல் துப்பினால் சரி.

வாவியோரம் (கல்லடி):

நன்றி காக்கா. இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது: மருந்து தொண்டையைச் சென்றடைகிறதா? என்னோடு கற்பிக்கும் ஒருவர் சூப்பும் மாத்திரையைக் கடித்து நொறுக்கி விழுங்கிவிட்டு, "ஒன்றும் கேட்கவில்லை" என்கிறார்.

மருந்துக்கடை_கல்முனை:

கடித்து விழுங்கினால் அவர் காசு கொடுத்து வாங்கியதை வயிற்றுக்கு அனுப்பிவிட்டார். இவ்வகை மருந்தில் முதன்மையானது அது சீதமென்சவ்வோடு பட்டிருக்கும் நேரம். தோலுக்கு மேலே கெரட்டின் படை இருப்பதால் அதில் பூசும் மருந்து உள்ளே போகச் சிரமப்படும். தொண்டையின் மேலணியில் அப்படிப்பட்ட தடிப்பான படை இல்லை, ஆகவே மருந்து எளிதில் ஊறும். ஆனால் நாம் அடிக்கடி எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பதால் பட்ட மருந்து விரைவில் கழுவப்பட்டுவிடும். கொப்பளிப்பு ஒரு தடவை பட்டுப் போய்விடுகிறது. ஸ்பிரேயும் அப்படித்தான், அதிலும் வாயைச் சரியாகத் திறந்து அடிக்காவிட்டால் பாதி நாக்கில் விழும். மெதுவாகக் கரையும் மாத்திரை பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு ஒவ்வொரு விழுங்கலோடும் புதிதாக மருந்தைக் கொண்டுபோய்ப் பூசிக்கொண்டிருக்கும். ஆகவே தொண்டையின் பின்சுவர் நோகிறவருக்குச் சூப்புவதே பொருத்தம். கொப்பளிக்கும்போது பின்நாக்கும் மெல்லண்ணமும் நெருங்கி வழியை மூடிக்கொள்வதால் நீர் பெரும்பாலும் டொன்சில் அளவில் நின்றுவிடும். டொன்சில் நோவென்றால், அல்லது வாய்ப்புண்ணும் சேர்ந்திருந்தால், கொப்பளிப்பு நல்லது.

சூப்பி முடிந்த பிறகு அரை மணிநேரமாவது தேநீர் குடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள். மருந்து நிலைப்பதற்கு மட்டுமல்ல. விறைத்த வாய்க்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும், சாப்பாடும் புரைக்கேறலாம்.

பழைய_டிஸ்பென்சரி:

இளையவர்கள் இதையெல்லாம் புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் கிராமப்புற மருந்தகம் ஒன்றில் மருந்து கலப்பவராக இருந்த காலத்தில், தொண்டை நோவென்று வந்தவருக்கு அப்போதிக்கரி ஐயா முதலில் செய்வது உள்ளே மருந்து பூசுவதுதான். அயடீன், பொட்டாசியம் அயடைட்டு, பெப்பர்மின்ட் எண்ணெய், கிளிசரின் ஆகியவற்றைச் சேர்த்து நான் கலக்கி வைப்பேன். கரும்பழுப்பு நிறத்தில் தேன் பதத்தில் இருக்கும். நீளக் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, அதில் தோய்த்து, விளிம்பில் ஒருமுறை வழித்துவிட்டு, நாக்கைக் கரண்டியால் அமுக்கி, இரண்டு டொன்சில்களையும் ஒரே இழுப்பில் பூசிவிடுவார். வழிக்காமல் பூசினால் சொட்டு உள்ளே விழுந்து நோயாளி ஓங்காளிப்பார். பஞ்சு குச்சியில் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறதா என்பதை இழுத்துப் பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம்.

அது மாண்டல் பெயிண்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசில் இருந்த மாண்டல் என்ற வைத்தியரின் பெயரால் வழங்கியது. இப்போது மருந்துக்கடைத் தம்பி சொல்வதை வைத்துப் பார்த்தால் அதில் மூன்று வழிகளும் இருந்திருக்கின்றன: அயடீன் கிருமிக்கு, பெப்பர்மின்ட்டில் உள்ள மென்தோல் குளிர்ச்சிக்கு, கிளிசரின் மேலே படலமாக நின்று காற்றும் உணவும் உராயாமல் காப்பதற்கு. வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். தைரொயிட் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அயடீன் ஆகாது. இன்று கடைகளில் கிடைக்கும் பொவிடோன் அயடீன் கொப்பளிப்புக்கும் அதே விலக்கு உண்டு.

சித்தவழி (ஆரையம்பதி):

திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்தவன் என்ற வகையில் என் பங்குக்குச் சில சொல்கிறேன். "இங்கிலீசு மருந்து எதிர் நாட்டு மருந்து" என்ற சண்டைக்காக அல்ல.

நம்முடைய முறையிலும் தொண்டை நோவுக்கு அடக்கி வைத்துச் சுவைக்கும் மருந்துகளும் வாய்கொப்பளிப்பும் தனித்தே சொல்லப்பட்டிருக்கின்றன. அதிமதுரத் துண்டை வாயில் ஒதுக்கிச் சாற்றை மெல்ல விழுங்குவது அதில் ஒன்று. அதிமதுரச் சாறு சவ்வின் மேல் வழுவழுப்பான படலமாக நிற்கிறது; அதன் கிளிசரைசின் அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்யும்போது சுவாசக் குழாய் வைப்பதால் பின்னர் தொண்டை நோகும். அதற்கு முன்கூட்டியே அதிமதுரக் கரைசலால் கொப்பளிக்க வைத்துப் பார்த்த ஆய்வுகளில் நோவு குறைந்திருக்கிறது. இந்த வகை ஆய்வுகளுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். ஏனென்றால் அங்கே நோவு எந்த மணிநேரத்தில் தொடங்கும் என்பது தெரியும். தடிமனைப் போலத் தானாக மாறியதா, மருந்தால் மாறியதா என்ற குழப்பம் குறைவு.

மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்பு டனின் என்ற பொருளால் வருவது. அது மேற்பரப்புப் புரதங்களைச் சுருக்கி மெல்லிய படையாக இறுகச் செய்கிறது. வாயில் வைத்ததும் பிடிப்பது போன்ற உணர்வு அதுதான். சீனக்காரத்துக்கும் அந்தக் குணம் உண்டு, ஆனால் அளவு மிஞ்சினால் சவ்வை எரித்துவிடும். கிராம்பின் யூஜினோல் உண்மையாகவே நரம்பை விறைக்கச் செய்கிறது; பல் நோவுக்கு வைப்பது சும்மா அல்ல. மிளகும் இஞ்சியும் வெப்பத்தை உணரும் வாங்கியை முதலில் தூண்டி எரிய வைத்து, பிறகு அதைச் சோர்வடையச் செய்கின்றன. தேன் எல்லாருக்கும் தெரிந்ததே.

ஒரு கட்டுப்பாடு: அதிமதுரத்தை நாள்கணக்கில் அதிகமாக உட்கொண்டால் பிரஷர் கூடும், உடலின் பொட்டாசியம் குறையும். பிரஷர் மருந்து எடுப்பவர்களும் இதய நோயாளிகளும் கொப்பளித்துத் துப்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாட்டு மருந்துதானே என்று அள்ளிப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் முதலில் கோபம் வருகிறது.

ஏழாம்_வாட்டு:

அம்பாறை மாவட்டத்தில் வைத்தியராகப் பணியாற்றுகிறேன். இழை நன்றாகப் போகிறது, ஆனால் நம் பகுதிக்கு மிகத் தேவையான ஒன்று இதுவரை வரவில்லை.

மாரியோடு டெங்குவும் வருகிறது. காய்ச்சலின் முதல் ஓரிரு நாள்களில் டெங்குவையும் சாதாரண வைரசுக் காய்ச்சலையும் பிரித்தறிவது எங்களுக்கே கடினம். டெங்கு நோயாளிகள் சிலருக்குத் தொண்டை நோவும் இருக்கும். டெங்குவில் குருதிச் சிறுதட்டுகள் குறைந்து, இரத்தப்போக்கு ஏற்படும் ஆபத்து உண்டு என்பதால் ஐபியூபுரோஃபென், டைகுளோஃபெனாக், அஸ்பிரின் போன்றவை அறவே கூடாது, பரசிற்றமோல் மட்டுமே எடுக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஃபுளூர்பைபுரோஃபென் சூப்பும் மாத்திரையும் அதே குடும்பம். "இது தொண்டைக்கு மட்டும்தானே" என்று பலர் எண்ணுகிறார்கள். சூப்பியது விழுங்கப்பட்டு இரத்தத்தில் சேரத்தான் செய்கிறது. அளவு சிறியது என்பது உண்மை, என்றாலும் காய்ச்சல் இருக்கும்போது அந்தத் துணிவு எதற்கு? டிஸ்பிரினை, அதாவது அஸ்பிரினை, தண்ணீரில் கரைத்துக் கொப்பளிக்கும் பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பின்பான தொண்டை நோவுக்கு அது பயன்பட்டதாக ஆய்வு உண்டு. டெங்குக் காலத்துக் காய்ச்சலில் அதைத் தொடாதீர்கள். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்தக் காலத்திலும் வேண்டாம்.

ஆகவே காய்ச்சலோடு தொண்டை நோவென்றால் பரசிற்றமோல், உப்புத் தண்ணீர், மென்தோல் அல்லது கிருமிநீக்கி வகை மாத்திரை, இவற்றோடு நின்றுகொள்ளுங்கள். காய்ச்சல் இல்லாமல் தொண்டை மட்டும் நோகிறது, வயிற்றுப்புண் இல்லை, அஸ்பிரினுக்கு மூச்சிழுப்பு வருபவரல்லர், கர்ப்பிணியல்லர் என்றால் ஃபுளூர்பைபுரோஃபென் நல்ல மருந்து.

சாய்ந்தமருது_உம்மா:

டொக்டருக்கும் மற்ற சகோதரர்களுக்கும் சலாம். என் மகளுக்கு ஐந்து வயது. தொண்டை நோகிறது என்று அழுகிறாள், சாப்பிட மறுக்கிறாள். மூத்தவர் வாங்கி வந்த மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கலாமா? கிருமியைக் கொல்லும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. கைக்குழந்தை ஒன்றும் வீட்டில் இருக்கிறது, அதற்குத் தொற்றிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

மருந்துக்கடை_கல்முனை:

ராத்தா, பாதியும் வேண்டாம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சூப்பும் மாத்திரை எதுவும் கொடுக்கக்கூடாது. முதற்காரணம் மருந்தல்ல, அது வழுக்கி மூச்சுக்குழலை அடைத்துவிடும் என்பது. முன்பு சொல்லாமல் விட்ட பென்சோகெயினின் தீங்கும் இங்கேதான் வருகிறது. அரிதாக அது இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் தன்மையைக் கெடுத்து, பிள்ளையின் உதடும் நகமும் நீலம்பாய வைத்துவிடும். ஈறுகளில் தடவும் பென்சோகெயினை இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018இல் கடுமையாக எச்சரித்தது.

கிருமியைக் கொல்லும் என்று அட்டையில் இருப்பது பெரும்பாலும் அமைல்மெட்டாக்கிரெசோலும் டைகுளோரோபென்சைல் அற்ககோலும் சேர்ந்த வகை. அவை ஆய்வுகூடத்தில் கிருமிகளைக் கொல்வது உண்மை. ஆனால் தொண்டையின் கலங்களுக்குள் குடியிருக்கும் வைரசை மேலே படும் மருந்து துரத்தாது. அவற்றால் கிடைக்கும் ஆறுதலுக்கு, அவையும் நரம்பின் சோடியம் கால்வாய்களைச் சற்று அடைப்பதும், சூப்பும்போது எச்சில் ஊறுவதும்தான் காரணம் என்பது என் கருத்து.

மகளுக்கு எடைக்கேற்ற பரசிற்றமோல் பாணி, குளிர்ந்த தயிர், இளஞ்சூட்டில் தண்ணீர் கொடுங்கள். தேன் ஒரு தேக்கரண்டி கொடுக்கலாம், ஆனால் ஒரு வயது நிறையாத கைக்குழந்தையின் வாயில் தேன் படவே கூடாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்திகள் சிசுவின் குடலில் வளர்ந்துவிடும்.

ஏழாம்_வாட்டு:

சகோதரி, மருந்தாளர் சொன்னது சரி. அதோடு பிள்ளையை ஒருமுறை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். தடிமனும் இருமலும் இல்லாமல், காய்ச்சலோடு, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி, டொன்சிலில் வெள்ளை படிந்திருந்தால் அது ஸ்ட்ரெப்டோகொக்கசு என்ற பக்டீரியாவாக இருக்கலாம். பிள்ளைகளின் தொண்டை நோவில் நாலில் ஒரு பங்களவு அதனால் வருவது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வுகள் பாதிக்கப்படும். அதற்குப் பெனிசிலின் பத்து நாள் முழுமையாகக் கொடுக்க வேண்டும். எந்தச் சூப்பும் மாத்திரையும் எந்தக் கொப்பளிப்பும் அதற்கு ஈடாகாது. பிள்ளை எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிட்டாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

வட்டவிதானை:

ஒரு கேள்வி. எனக்குச் சீனி வருத்தம். இந்த மாத்திரைகள் இனிக்கின்றனவே?

மருந்துக்கடை_கல்முனை:

இனிப்புக்குக் காரணம் சீனிதான் ஐயா. ஒன்றில் ஏறத்தாழ இரண்டு கிராம் இருக்கும். நாளுக்கு ஒன்றிரண்டு பெரிய விடயமல்ல. பன்னிரண்டு சூப்பினால் அது ஐந்து தேக்கரண்டிச் சீனியை நெருங்கிவிடும். சீனி சேர்க்காத வகையும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

தென்மோடி (களுவாஞ்சிகுடிப் பக்கம்):

நான் கூத்துப் பாடுபவன். விடிய விடிய வட்டக்களரியில் நின்று பாடி ஆடுவதால் தொண்டை கட்டிவிடும். அடுத்த அரங்கேற்றத்துக்கு முன் அந்த விறைக்கும் மாத்திரையைச் சூப்பிவிட்டு ஏறினால் நோவு தெரியாமல் பாடலாமா? அண்ணாவியார் மிளகும் பனங்கற்கண்டும் தருவார், அது போதவில்லை. வலப்பக்கத்தில் மட்டும் நெடுநாளாக ஒரு குத்தல் இருக்கிறது. வெற்றிலை போடும் பழக்கமும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சித்தவழி (ஆரையம்பதி):

அண்ணன், குரல் எழும் இடம் குரல்வளையின் நாண்கள். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழல் மூடிக்கொள்வதால் மிளகானாலும் கற்கண்டானாலும் மாத்திரையானாலும் அங்கே படுவதில்லை; பட்டால் புரைக்கேறும். அடைத்த குரலுக்கு உதவுவது ஆவி பிடிப்பது, தண்ணீர் தாராளமாகக் குடிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பேசாமல் இருப்பது. விறைக்க வைத்துக்கொண்டு பாடினால், நிறுத்து என்று உடம்பு சொல்லும் ஒரே அறிகுறியையும் அணைத்துவிட்டுத் தொண்டையைக் கிழிக்கிறீர்கள். கூத்துக்கு முன் அது வேண்டாம்.

ஏழாம்_வாட்டு:

தென்மோடி அண்ணன், பாட்டை விட உங்கள் கடைசி இரண்டு வரிகள்தான் என்னை யோசிக்க வைக்கின்றன. வைரசால் வரும் நோவு பொதுவாக இரு பக்கமும் இருக்கும், ஒரு கிழமையில் தணியும். ஒரே பக்கத்தில் நெடுநாளாகக் குத்துவதும், மூன்று கிழமைக்கு மேல் குரல் கட்டியிருப்பதும், காதுக்கு ஏறும் நோவும் வெற்றிலை போடுபவரிடம் இருந்தால் நாங்கள் வேறு கண்ணோடு பார்ப்போம். வாய், தொண்டைப் புற்றுநோய்கள் இந்நாட்டு ஆண்களிடையே முன்னணியில் இருப்பவை. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாட்பட்ட டொன்சில் அழற்சியாகவும் இருக்கலாம். ஆனால் சூப்பும் மாத்திரையால் அந்தக் குத்தலை மாதக்கணக்கில் அமுக்கி வைத்தால், அது என்ன என்று தெரியவேண்டிய காலம் கடந்துவிடும்.

அரங்கேற்றத்துக்காகக் காத்திருக்காமல் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்கு, வெளிநோயாளர் பிரிவில் துண்டு எழுதுவித்துக்கொண்டு போங்கள். சிறு கண்ணாடியாலோ மெல்லிய குழாய்க் கருவியாலோ உள்ளே பார்ப்பார்கள். நோவு அதிகமில்லை, நேரமும் அதிகம் எடுக்காது. இதுவரை சூப்பிய எல்லாவற்றின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே மருந்து இருப்பதுண்டு, அதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.